ஆடிக்காற்றில் நின்ற அடுப்பு

மகனே,

முந்தாநாள் போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெயிலில் வெந்நீர் வைக்கிற எந்திரம் விற்கும் கம்பெனியில் உனக்கு வேலை, கோயம்புத்தூரில், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அதோடு விட்டாயா? "மொத எந்திரம் நம்ம வீட்டு மேலதாம்மா. நீ ஒண்ணும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், அதனால்தான் வைத்தாய். போனில் பேசினால் நீ குறுக்கே விழுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு உன் கம்பெனி ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நான் ஜெயித்த கதைதான்.

நான் சந்தேகப்பிராணி என்று ஊருக்கே தெரியும். அதை மறைத்து எனக்கு ஆவதென்ன? சுருள் பல்பு வந்த புதிதில், ஐந்து வருசத்துக்கு எரியும் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அது அடுத்த தீபாவளியைப் பார்க்கவில்லை. செத்த பல்பைக் கொண்டுபோய் அவர் கல்லாவிலேயே வைத்து, வேறு வாங்காமல் நான் நகரவில்லை. உன் பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் மரம் நடுவிழா நடக்கும். போன வருசம் வெட்டிய அதே குழியில்தான் இந்த வருசமும் நடுவார்கள், போன வருசக் கன்று எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்டேன். இப்போதும் ஆண்டிபட்டிப் பக்கம் பஸ்ஸில் போனால் காற்றாலைகள் வரிசையாக நின்று ஜோராகச் சுற்றுகின்றன. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் கரண்ட் இல்லை. அது யாருக்காகச் சுற்றுகிறது என்று நான் கேட்டால் உன் அப்பா, "ஏன், போய் நிறுத்திட்டு வரப்போறியா?" என்கிறார். மழைநீர்த் தொட்டி விசயத்தில் மட்டும் நான் மூக்குடைபட்டேன். வீண் வேலை என்று சொன்னேன், கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. அதையும் எழுதி வைக்கிறேன், என்னை ஒருதலைப்பட்சம் என்று நீ சொல்லக் கூடாது பார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அடுப்புக் கதை. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரிகிற ரோட்டில் நம் கடை. எஸ்டேட்டுக்கு ஏறுகிற ஜீப்காரர்கள், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர்கள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் காலையில் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். குழம்பு என்னுடையது, களி உன் அப்பாவுடையது. பெரிய பானையில் கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, துடுப்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் போட்டு அவர் கிண்டுவார். அந்தச் சமயத்தில் முகத்தைத் திருப்ப முடியாது. அடுப்புப் புகை முழுவதும் அவர் மூக்குக்குள்தான் போகும். பத்துப் பதினைந்து வருசம் அப்படியே போனது. பிறகு இருமல் வந்தது. இருமல் நிற்காமல் போனபின் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டுல ஒண்ணும்மா. புகை போகணும், இல்ல அவர் அடுப்படியை விட்டுப் போகணும். இப்படியே இருந்தா மூச்சு விடுறதே பெரிய வேலையாப் போயிரும்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அடுப்புகிட்ட நிக்காம நான் எங்கன போயி நிக்கிறது?" என்றார். கேஸ் அடுப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு ஊரே காத்துக்கிடந்த காலம் அது. அவ்வளவு பெரிய பானைக்கு அது கட்டுப்படியும் ஆகாது. உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம், படிக்கிற பிள்ளை பயந்துவிடும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

இந்த நிலையில்தான் பங்குனி மாதத்தில் ஊருக்குள் வேன் வந்தது. மேலே ஒலிபெருக்கி, பக்கவாட்டில் பச்சைத் துணி, "புகையில்லா அடுப்பு, பசுமைக் கிராமம்" என்று பெரிய எழுத்து. மதுரையிலிருந்து ஓர் அறக்கட்டளை. வீட்டுக்கு ஓர் அடுப்பு, காசு வேண்டாம். ஊரில் எல்லா வீட்டிலும் போட்டு முடித்ததும் எல்லையில் "புகையில்லா கிராமம்" என்று போர்டு வைப்பார்களாம். அதற்கு முன்னோட்டமாக உங்கள் பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் விட்டார்கள். நீதான் முன்னால் வந்தாய். "மரம் வளர்ப்போம்" என்ற அட்டையைப் பிடிப்பதற்கு ஆளுக்கொரு வேப்பங்கிளையை அன்று காலையில்தான் வெட்டியிருந்தீர்கள், கிளையில் இலைகூட வாடவில்லை. கடை வாசலில் நின்று நான் சிரித்துவிட்டேன். அன்றே உனக்கு என்மேல் கோபம் ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் மந்தையில் அடுப்பை எரித்துக் காட்டினார்கள். திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மேடம் நல்ல மனுசிதான், நூல் சேலை, சிரித்த முகம். அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். புகை குழாய் வழியாக நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் கைதட்ட ஆசைதான். மகனே, ஊரிலேயே அந்த அடுப்பு அதிகமாகத் தேவைப்பட்டது எனக்குத்தான். ஆனால் அன்றைக்கு ஒரு வேப்பிலை அசையவில்லை. நான் எழுந்து, "மேடம், பால் காச்ச நாலு சருகு போதும். இதுல களி கிண்ட முடியுமா? ஆடியில சாரக்காத்து அடிக்கிறப்ப இந்தப் புகை எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே, "எல்லா மாசத்துக்கும் ஒரே அடுப்புதாம்மா" என்றார். கூட்டமும் சிரித்தது. அடுத்து அவர் சொன்ன நிபந்தனைதான் எனக்குச் சரிப்படவில்லை. புது அடுப்பு வேண்டுமென்றால் பழைய அடுப்பை இடித்துவிட வேண்டும், இடித்ததைப் போட்டோ எடுப்பார்கள். நம் பழைய அடுப்பு கொட்டகையில், நாலு பக்கமும் திறந்து கிடந்தது. புது அடுப்புக்குச் சுவரும் கூரையும் வேண்டும். அந்த அடுப்பு காற்றில் தோற்றுப்போனால் அறைக்குள் அடைபட்ட புகையில் உன் அப்பா நிற்க வேண்டியிருக்கும். இடித்ததைத் திரும்ப ஒட்டவா முடியும்? எனக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நம் வீடு ஒன்றுதான் பாக்கி. உங்கள் வகுப்பில் புது அடுப்பு போட்டவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார்களாம், நீ மட்டும் உட்கார்ந்திருந்தாயாம். வந்ததும் பையை மூலையில் எறிந்தாய். "உன் ஒருத்தியாலதாம்மா ஊருக்குப் போர்டு வரல. எங்கப்பா இருமுறது உனக்குக் கேக்கலையா?" என்றாய். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. உன் அப்பா உள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டாய்.

என்னைச் சமாதானப்படுத்துவதற்கு இன்னாசி தம்பியை அனுப்பினார்கள். அந்த அடுப்பை வரைந்த என்ஜினியர் அவர்தான். திண்டுக்கல் பக்கத்துப் பையன், படிப்பு முடித்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. கடையில் உட்காரவைத்து ஒரு வட்டில் களி போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்: "தம்பி, நான் வேணாம்னு சொல்லல. பழசை இடிக்காம, பக்கத்துல சுவரெழுப்பி உங்க அடுப்பைப் போடுங்க. ஆடி பொறக்கட்டும். காத்து வெரட்டி அடிக்கிற ஒரு நாள்ல எங்க வீட்டுக்காரரு அதுல களி கிண்டுவாக. புகை அவுக மூஞ்சிக்கு வரலைன்னா போர்டை எங்க கடை வாசல்லயே மாட்டுங்க. பழைய அடுப்பை நானே ஒடச்சுப் போட்டுறேன்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிக்கா, எனக்கும் பாக்கணும்னுதான் இருக்கு" என்றார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலால்தான். மேடத்துக்கு அவ்வளவு நம்பிக்கை, நம் கொட்டகைக்குப் பக்கத்தில் சுவரெழுப்பி அடுப்பைப் போட்டுவிட்டு, போர்டுத் திறப்பு விழாவையே களி கிண்டுகிற அதே நாளில் ஆடியில் வைத்துவிட்டார்.

இதற்கிடையில் ஒரு கூத்து நடந்தது. ஆனி பிறந்து கம்பம் கணவாயிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்ததுமே, ஊர் அடுப்புகள் எல்லாம் மூச்சுத்திணற ஆரம்பித்துவிட்டன. குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் வந்தது. ஒருத்தியாவது சொல்ல வேண்டுமே! நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? சும்மா கொடுத்ததைக் குறை சொல்லிவிட்டால் குடும்ப மானம் போய்விடும். அறக்கட்டளை ஆட்கள் பார்வையிட வருகிற அன்று சாணி மெழுகிக் கோலம் போட்ட புது அடுப்பில் பால் காய்ச்சி அவர்களுக்குக் காப்பி கொடுப்பார்கள். வேன் கிளம்பியதும் கொல்லையில் மூன்று கல்லை வைத்துச் சோறு வடிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா புது அடுப்புக்குள் கோழியை அடைகாக்க வைத்திருந்தாள். "ஏங்க்கா, அவுககிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். "வாங்கித் தின்ன வாயால எப்படிடீ கொற சொல்றது? மேடம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லாருக்கான்னு கேட்டாக, நல்லாருக்குத்தான்னு சொல்லிப்புட்டேன்" என்றாள். அறக்கட்டளை நோட்டீசில் பேச்சியக்காவின் படம்தான் பெரிதாக வந்தது. அதற்குப் பிறகு நான் ஒருத்தி போய்க் குறை சொன்னால் நம்பவா போகிறார்கள், களி கிண்டுகிற அன்று அவர்களே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழா நாள் வந்தது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் பேச்சைவிடக் காற்றுச் சத்தம்தான் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நீயும் வந்திருந்தாய். உன் அப்பா புது அடுப்பில் தீ மூட்டி உலை வைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மாவைக் கொட்டித் துடுப்பை இறக்கிய நேரத்தில் மேற்கேயிருந்து ஒரு தள்ளு தள்ளியது பார், குழாயில் போன புகை அத்தனையும் அப்படியே திரும்பி அடுப்பு வாய் வழியாக வெளியே வந்தது. அடுப்பு வாயோ சின்னப் பாத்திரத்துக்கு அளந்தது. அவர் ஓங்கிக் கிண்டக் கிண்டப் பானை ஆடியது. பானையைப் பிடிப்பதா, கண்ணைத் துடைப்பதா? அவர் விடவில்லை. வந்தவர்கள் முன்னால் விட்டுவிடக் கூடாது என்று மேலும் நாலு சுற்றுச் சுற்றினார். பிறகு துடுப்பை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமக்கூட மூச்சு வரவில்லை. நீதான் முதலில் ஓடிவந்தாய், உன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். அன்றைக்குத்தான் உன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மேடத்தோடு வந்தவர்களில் ஒருவர், "விறகு ஈரமா இருக்கும்மா, உங்களுக்கு எரிக்கத் தெரியல" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "எரிக்கத் தெரியாமத்தான் இத்தன வருசமா இந்த ரோட்டுல போற ஆளுக்கெல்லாம் சோறு போட்டோமா? அங்கன உக்காந்திருக்கிற மனுசனைப் பாருங்க. இதுக்குத்தான் பங்குனியில கேட்டேன், எல்லாரும் சிரிச்சீக. புகையில்லா கிராமம்னு போர்டு வைக்கப் போறீகளா? வைங்க. மொதல்ல ஒவ்வொரு வீட்டுக்கும் போயி அடுப்பைப் பத்தவைங்க, நானும் வாரேன்!" என்றேன். பின்னாலிருந்து பேச்சியக்கா எழுந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "மேடம், கோவிச்சுக்கிடாதீக. எங்க வீட்டு அடுப்புல கோழிதான் கெடக்கு" என்றாள். அதன்பின் ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள் பார், மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர்டைத் திறக்காமல், துணியோடு சுருட்டி வேனில் ஏற்றச் சொன்னார். கிளம்பும்போது என் அருகில் வந்து, "எங்ககிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

வேன் போய்விட்டது, இன்னாசி தம்பி போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் நம் கடைக் கூரைமேல் ஏறிவிடுவார். காற்று வரும்போது கையில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். முதலில் குழாயின் வாயைச் சின்னதாக்கினார், புகை இன்னும் மோசமானது. குழாயைக் கிழக்குப் பக்கம் மாற்றினார், அன்று காற்று சுழற்றி அடித்ததில் அதுவும் பலிக்கவில்லை. குழாய் கூரை முகட்டுக்குக் கீழேயே நிற்பதால்தான், கூரையில் மோதுகிற காற்று புகையை அமுக்குகிறது என்று ஒரு நாள் பிடித்துவிட்டார். முகட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் குழாயை ஏற்றி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மேற்குப் பக்கம் மூடிய ஒரு தகரத் தொப்பியை வைத்தார். பானை ஆடாமல் இருக்க உன் அப்பாவைக் கேட்டுக் கேட்டு அடுப்பு வாயை அகலமாக்கி, பானை பாதிவரை உள்ளே இறங்குகிற மாதிரி கருங்கல்லில் கட்டினார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்கு ஏணி பிடித்தாய். என்னோடு மறுபடி பேச ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். "அம்மா, ஆணி எடுத்துக் குடு" என்பதுதான் உன் முதல் பேச்சு.

ஆடி முடிவதற்குள் ஒரு நாள், வீட்டுத் தகரமெல்லாம் தடதடவென்று அடிக்கிற காற்று. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நான்தான் சொன்னேன். விழாவும் இல்லை, நாற்காலியும் இல்லை. உன் அப்பா தீ மூட்டினார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன், மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் இழுத்துக்கொண்டு ஓடுவதற்குத் தயாராக. உலை கொதித்தது, மாவு விழுந்தது, துடுப்பு இறங்கியது. வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே அவர் கிண்டுகிறார், கிண்டுகிறார், பானை அசையவில்லை, முகத்துக்குப் புகை வரவில்லை. களி திரண்டு பளபளவென்று வந்தது. கடைசிச் சுற்றையும் சுற்றி முடித்து, துடுப்பை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்து விட்டுக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கூரைமேலிருந்து இன்னாசி தம்பி, "என்னாச்சுக்கா, புகை வருதா?" என்று பதறினார். "இல்ல தம்பி, வரல, வரல!" என்று கத்தினேன். அன்று ஜீப் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் களி சும்மாதான்.

சொன்ன சொல் தவறாமல் பழைய அடுப்பை நானே கடப்பாரையால் இடித்தேன். மேடம் திரும்பி வந்து பார்த்தார். அந்த வருசமே ஒரு வீடு விடாமல் குழாயை ஏற்றித் தொப்பி வைத்துக் கொடுத்தார்கள். பேச்சியக்காவின் கோழிகள் வேறு இடம் தேடிக்கொண்டன. போர்டும் வந்தது. மாட்டுவதற்கு மேடம் என் கையில்தான் சுத்தியலைக் கொடுத்தார், நீ வீதி கேட்கக் கைதட்டினாய். அடுத்து தேனிக்குப் போனபோது டாக்டர் குழலை வைத்துப் பார்த்து, "என்னம்மா, அடுப்படியை விட்டுட்டாரா?" என்றார். "அதெல்லாம் இல்ல சார், புகைதான் வீட்டை விட்டுப் போயிருச்சு" என்றேன். இதை நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அந்த அடுப்பு நின்றதற்கு நான் சந்தேகப்பட்டதும் ஒரு காரணம். எல்லாரோடும் சேர்ந்து நானும் நல்லாருக்கு என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு எல்லையில் போர்டு இருக்கும், உன் அப்பா எங்கே இருந்திருப்பாரோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் உன் எந்திரத்தையும் கொண்டு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கொண்டு வந்து ஆவி பறக்கக் காட்டி என்னை மயக்கப் பார்க்காதே. ஐப்பசி அடைமழையில், மேகமலையே கண்ணுக்குத் தெரியாத ஒரு நாளில் கொண்டு வா. அன்றைக்கு அது எவ்வளவு சுடும், எவ்வளவு சுடாது என்று உள்ளதைச் சொல். சுடாது என்றால் சுடாது என்றே சொல், நான் விறகு வைத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்ன எந்திரத்தை நான் வாங்கிக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் நீ ஏறி இறங்கப்போகிற வீடுகளில் என்னை மாதிரி ஒருத்தி கதவைப் பாதி திறந்துகொண்டு நிற்பாள். நோட்டீசை வாங்க மாட்டாள், கேள்வி மேல் கேள்வி கேட்பாள், பூமியைக் காப்பாற்ற வேண்டாமா என்று நீ கேட்டாலும் மசிய மாட்டாள். உன்னோடு வந்தவர்கள் அவளை விவரம் கெட்டவள் என்பார்கள். நீ அப்படிச் சொல்லிவிடாதே, ராசா. தண்ணீர் ஒரு வாய் கேட்டு உள்ளே போ. அவள் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாளோ, அந்த ஆள் உள்ளே ஒரு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். முதலில் அவரைப் பார்த்துவிட்டு வா. அதற்குப் பிறகு உன் எந்திரத்தின் விலையைச் சொல்.

உன் அம்மா